ஆனை திண்ட குழை

போன கிழமை பின்னேரம் திருகோணமலைக் கடற்கரையில நடந்து முடிச்சு, வழமையான வாங்கில குந்தியிருந்தம். எங்கட கூட்டம் எப்பிடியெண்டு நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கும் என்ர வயசெண்டால், உங்கட ஊரிலயும் இப்பிடி ஒரு கூட்டம் கட்டாயம் இருக்கும். டொக்டர் நடக்கச் சொன்னவர் எண்டுதான் வெளிக்கிடுறது. பேந்து நடக்கிறது காவாசி, கதைக்கிறது முக்காவாசி. ஆருக்கு முழங்கால் நோகுது, ஆருக்குச் சீனி கூடிப்போச்சு, ஆரின்ர மகன் கனடாவில வீடு மாறினவன், இதுதான் எங்கட கதை.

அண்டைக்கு எங்கட தபால்கந்தோர்ச் சிநேகிதி ஒரு மாசத்துக்குப் பிறகு வந்திருந்தா. தபால்கந்தோரில இருந்து பென்சன் எடுத்தவ, லண்டனில இருக்கிற மகன் அவவை ஆபிரிக்காவுக்குச் சுத்திக்காட்டக் கூட்டிக்கொண்டு போனவன். வந்ததும் வராததுமா போனைத் தூக்கினா. மேல மூடியில்லாத ஜீப், தலையில தொப்பி, கையில குளிர்பானம், பக்கத்தில ஒருத்தன் விளங்கப்படுத்துறான். தூரத்தில மண்ணாங்கட்டி மாதிரி என்னமோ தெரியுது, அது ஆனையாம்.

"இதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப்போகுது! பொறுங்கோ, கிட்டத்தில எடுத்த ஆனை ஒண்டு இருக்கு, காட்டுறன்" எண்டு அவ தேடிக்கொண்டிருக்க, கோட்டைப் பக்கத்தில இருந்து இறங்கி வந்த புள்ளிமான் ஒண்டு அவவின்ர பைக்குள்ள மூஞ்சையை விட்டுக் கச்சான்கடலை முழுக்கத் திண்டு முடிச்சிட்டுது. எங்கட ஊர் மானுக்கு மனிசரெண்டால் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஆனை காட்டுறன் ஆனை காட்டுறன் எண்டவ, காலடியில நிண்ட மானைக் காணேல்லை. நாங்கள் எல்லாரும் சிரிச்ச சிரிப்பில அவவுக்குக் கோவம் வந்திட்டுது.

எனக்கும் வாய் சும்மா கிடக்காது. "நானும் போனனான். பத்து வயசில. உங்களை மாதிரித் தூரத்தில நிண்டு இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆனை, இந்தப் பக்கம் நான்" எண்டன். ஒருத்தரும் நம்பேல்லை. அங்க சொல்ல விடாத கதையை இஞ்ச எழுதுறன். குறுக்க கதைக்க ஏலாதுதானே, இருந்து வாசியுங்கோ.

அப்பா கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில எங்கட ஆக்கள் கனபேர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனவை, அப்பாவும் போனார், சாம்பியாவுக்கு. முதல் தனியப் போய், வீடு கிடைச்ச பிறகு அம்மாவையும் என்னையும் தம்பியையும் கூப்பிட்டவர். அப்பா பிறந்தது கடலோரச் சாம்பல்தீவு. அம்மா திருகோணமலை டவுணில, அலைச்சத்தம் கேட்டு வளந்தவ. உலகப் படத்தில சாம்பியாவைத் தேடிப் பாருங்கோ. சுத்திவரத் தரை, ஒரு துண்டுக் கடல் கிடையாது. அந்த ஊருக்கு அம்மா தேங்காய் திருவுற திருவலையைச் சூட்கேசுக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தவ. தேங்காய் இல்லாத ஊருக்குத் திருவலை! வந்து இறங்கின அண்டே அப்பா அதைச் சொல்லிச் சிரிச்சார். அம்மா சிரிக்கேல்லை, திருவலையைக் குசினி மூலையில நிமித்தி வைச்சிட்டுப் போயிட்டா.

ஒரு நாள் சந்தையில அம்மா சத்தம் போட்டுக் கூப்பிட்டது இன்னும் காதுக்குள்ள இருக்கு. "இஞ்சருங்கோ! இஞ்ச வந்து பாருங்கோ, நெத்தலி!" வெள்ளி மாதிரிக் குவிச்சு வைச்சிருந்தாளவை. கபெண்டா எண்டு சொல்லுற குட்டி மீன், காய வைச்சது. அம்மா ஒரு பிடியை அள்ளி மூக்கில வைச்சா. முகம் வாடிப்போச்சு. அது குளத்து மீன், கடல் மணமில்லை. ஆனாலும் வாங்கினா. விக்கிற மனுசி ரெண்டு கையையும் மெல்லத் தட்டி, குனிஞ்சு, "அமாயி" எண்டு சொன்னது. அங்கத்தைப் பாசையில அம்மா எண்டு அர்த்தம். "பாத்தீங்களே, அம்மா எண்டுதான் சொல்லுறா" எண்டு அம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தா. ஒரு கிழமைக்கு அந்தச் சந்தோசம் தாங்கினது.

பேந்து பழையபடிதான். அப்பா விடியப் போனா இருட்டுப்படுற மைமலுக்குத்தான் வருவார். அம்மாவுக்குக் கதைக்க ஆள் இல்லை. பின்பக்கப் படியில இருந்து செம்மண் முத்தத்தைப் பாத்துக்கொண்டிருப்பா. நான் பள்ளிக்கூடத்தால வந்து "அம்மா என்ன பாக்கிறீங்கள்?" எண்டு கேட்டா, "ஒண்டுமில்லை, காத்து வருமோ எண்டு பாக்கிறன்" எண்டுவா. கடல்காத்தைத்தான் சொல்லியிருக்கிறா. எனக்கு அப்ப எங்க விளங்கினது!

அப்பாவின்ர ஒப்பந்தம் முடியிற நேரம் வந்தது. இன்னொரு தவணை இருக்கச் சொல்லிப் பள்ளிக்கூடம் கேட்டது, அப்பாவுக்கும் ஆசை. அம்மா ஒரே பிடி. ஒரு நாள் குசினிக்குள்ள ரெண்டு பேரும் கதைச்சதை நான் வாசலில நிண்டு கேட்டனான்.

"நீங்கள் இருங்கோ. நான் பிள்ளையளோட போறன்" எண்டா அம்மா.

"இஞ்சரும், அவசரப்படாதையும். ஓகஸ்ட் லீவுக்கு எல்லாரும் ஒரு பயணம் போவம். ஆபிரிக்காவுக்கு வந்து மிருகம் பாக்காமல் போறதே? போட்டு வந்து நீர் என்ன சொல்லுறீரோ, அதுதான் முடிவு. நான் மறுத்துக் கதைக்க மாட்டன்."

"மிருகத்தைப் பாத்து மனசு மாறுவன் எண்டு நினைக்கிறியளோ?"

"பாத்திட்டுச் சொல்லுமன்."

அம்மாவோட நாங்கள் போனா அப்பா தனிய. கோப்பை கழுவத் தெரியாத மனுசன், சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாத மனுசன். முதல் தனிய இருந்த வருசங்களில மெலிஞ்சு, ஏர்போட்டில எனக்கு ஆளை மட்டுக்கட்ட ஏலாமப் போனது. திரும்ப அப்பிடி ஆகப்போறார் எண்டு நினைச்சு, குசினி வாசலிலேயே நிண்டு அழுதனான். அந்தப் பயணம் முழுக்க நான் மிருகம் பாத்ததை விட அம்மாவின்ர முகத்தைப் பாத்ததுதான் கூட.

எங்களிட்ட ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. பின் சீட்டின்ர ஸ்பிரிங் ஒண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளிய நிக்கும், அந்த இடத்தில இருக்கிறது ஆர் எண்டு எனக்கும் தம்பிக்கும் எப்பவும் சண்டை. அம்மா விடியவே எழும்பிச் சோளமாவில புட்டு அவிச்சா. சோளமாப் புட்டும் கபெண்டாச் சம்பலும். அரிசிமாப் புட்டிலதான் உசிர் எண்டு சொல்லுற எங்கட ஆக்களுக்கு இது சிரிப்பா இருக்கும். சாப்பிட்டுப் பாத்தவை சிரிக்க மாட்டினம். சிவப்பு ரோசாப்பூப் போட்ட பிளாஸ்கில தேத்தண்ணி. அந்தப் பிளாஸ்க் மாதிரி வடிவான பிளாஸ்க் பேந்து நான் எங்கயும் காணேல்லை.

அப்பாவிட்ட ஒரு பழக்கம், வாகனத்தில ஏறினா இறங்கிறது போய்ச்சேர்ற இடத்திலதான். நடுவில நிப்பாட்ட மாட்டார். திருகோணமலையில சைக்கிளில அம்மாவை ஏத்திக்கொண்டு போகேக்கயே அப்பிடித்தானாம். அம்மா "பூக்கடையில ஒருக்கா நிப்பாட்டுங்கோ" எண்டுவாவாம், சைக்கிள் கோயில் வாசலில போய்த்தான் நிக்குமாம். அண்டைக்கும் வழியில தக்காளிக் கூடையோட பெண்கள் நிண்டவை. "கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்" எண்டா அம்மா. "வரேக்க வாங்குவம்" எண்டார் அப்பா. அடுத்ததில தேன் வித்தவை. "வரேக்க." பாய் வித்தவை. "வரேக்க." மூண்டாவது வரேக்கயோட அம்மா கேக்கிறதை விட்டிட்டா, கண்ணாடிக்கு வெளியால பாத்துக்கொண்டு வந்தா. அப்பாவுக்கு அது விளங்கேல்லை. பகிடி சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு விளங்கீட்டுது.

சரணாலயத்து வாசல் ஒரு பெரிய ஆத்தின்ர பக்கம். காவல்காரர் வந்து அம்மாவைக் கண்டதும் கையை மெல்லத் தட்டி "அமாயி" எண்டு கும்பிட்டார். பேந்து அப்பாவிட்ட விரலை ஆட்டி ஆட்டி இங்கிலிசில சொன்னார். உள்ளுக்கு எந்தக் காரணம் கொண்டும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, கதவு திறக்கக் கூடாது. அப்பா நல்ல மாணவன் மாதிரித் தலையாட்டினார். சட்டமெண்டா அப்பாவுக்குச் சட்டம்தான்.

வாசல் குறுக்குத் தடியைத் தூக்கி எங்களை உள்ளுக்கு விட்டாச்சு. மரங்கள் அடர்த்தியாகத் தொடங்கின இடத்தில அம்மா சொன்னா, "இஞ்சருங்கோ, குழை முறிக்க வேணும்."

இதை எங்கட பக்கத்து ஆக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, மற்றவைக்காகச் சொல்லுறன். திருகோணமலையில இருந்து கந்தளாய் றோட்டால போகேக்க, காடு தொடங்கிற இடத்தில முந்தி வாகனத்தை நிப்பாட்டுவினம். ஒராள் இறங்கி, பக்கத்து மரத்தில ஒரு குழையை, இலையோட இருக்கிற சின்னக் கொப்பை, முறிச்சு, றோட்டோரத்தில நிக்கிற கொப்பில கொழுவிப்போட்டு வருவார். 'பிள்ளையாரே, உன்ர இடத்துக்குள்ள வாறம், பாத்துக்கொள்' எண்டு அதுக்கு அர்த்தம். அம்மாவின்ர அண்ணன், எங்கட மாமா, லொறி ஓடினவர். அவர் ஒரு நாளும் குழை முறிக்காமல் காடு தாண்டினதில்லையாம். அந்த லொறியில அப்பாவும் போயிருக்கிறார். ஆனா அவர் ஏறின உடன நித்திரை, திருகோணமலை வந்தாத்தான் முழிப்பு.

அப்பா சிரிச்சார். "இது ஆபிரிக்கா. இஞ்ச எங்க பிள்ளையார்?"

"ஆனை இருக்கிற இடத்தில பிள்ளையார் இல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"இறங்கக் கூடாதெண்டு அந்த மனுசன் இப்பத்தானே சொன்னவர். சட்டமெல்லே."

"சரி, போங்கோ" எண்டா அம்மா. அந்தச் 'சரி'யைக் கேட்ட எந்தப் பொம்பிளைக்கும் அதின்ர அர்த்தம் தெரியும். அப்பா அதை உண்மையான சரி எண்டு நினைச்சுக்கொண்டு கியரை மாத்தினார்.

பேந்து தொடங்கினது அம்மாவின்ர திருவிளையாட்டு. வரிக்குதிரைக் கூட்டம் ஒண்டு வந்தது. அப்பா காரை மெதுவாக்கி, "பாரும் பாரும், என்ன வடிவு!" எண்டார். அம்மா பாத்திட்டு, "மன்னார்க் கழுதைக்குச் சுண்ணாம்பு அடிச்சு விட்டிருக்கு" எண்டா. ஆத்துக்குள்ள நீர்யானை கிடந்தது. "கிண்ணியா எருமை இதை விட வடிவு." மான் நிண்டது. "இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம்? எங்கட வீட்டு வேலியைத் திண்டது இதுதானே." தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்பா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வாறார். ஒரு இடத்தில மட்டும் அம்மா பேசாமல் பாத்தா. ஒட்டகச்சிவிங்கி ஒண்டு முன்னங்காலை அகட்டி அகட்டி வைச்சுத் தண்ணி குடிக்கப் பாடுபட்டது. "பாவம், உயரமாப் படைச்சிட்டு அதுக்குத் தண்ணியை நிலத்தில வைச்சிருக்கிறாரே கடவுள்" எண்டா. நான் உடன அப்பாவைப் பாத்தன். அப்பாவும் கண்ணாடியால என்னைப் பாத்தார். ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன நம்பிக்கை.

ஆனை மட்டும் ஒண்டும் வரேல்லை. தம்பி "ஆனை எங்க, ஆனை எங்க" எண்டு அரிக்கத் தொடங்கினான். அம்மா அவன்ர தொடையில ஒரு கிள்ளுப் போட்டா. "காட்டுக்குள்ள பேர் சொல்லக் கூடாது. சொன்னா வந்து நிக்கும். பெரியவர் எண்டு சொல்லு." மாமாவின்ர லொறியில அப்பிடித்தான் சொல்லுறவையாம். தம்பி கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "பெரியவர் எங்க?" எண்டு கேட்டான்.

மத்தியானம் கிட்ட ஒரு வத்தின ஓடையைக் கடக்கேக்க கார் மணலுக்குள்ள புதைஞ்சுது. அப்பா முன்னுக்கு எடுத்தார், பின்னுக்கு எடுத்தார். சில்லு சுத்தின சுத்தில இன்னும் கீழ போனது. எஞ்சினை நிப்பாட்டினார். ஒரு சத்தமில்லை. வெக்கை எண்டா வெக்கை, சீட்டுத்துணி தொடையில ஒட்டுது. சுத்திவர மண்ணிறமாக் காஞ்சுகொண்டு வாற மரங்கள், அதின்ர இலை வண்ணத்துப்பூச்சி செட்டையை விரிச்ச மாதிரி ரெண்டு ரெண்டா இருந்தது. கற்பூரத்தைப்போல ஒரு காரமான மணம் வந்தது.

அம்மா ஒண்டும் சொல்லேல்லை. 'நான் சொன்னனான்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. மடியில கையை வைச்சுக்கொண்டு நேர பாத்துக்கொண்டிருந்தா. முடிஞ்சுது, அம்மா மனசில பெட்டி கட்டிப்போட்டா எண்டு எனக்கு விளங்கீட்டுது. அப்பாவுக்கும் அப்ப விளங்கியிருக்க வேணும். அவர் அம்மாவைப் பாத்தார். கனநேரம் பாத்தார். பேந்து கதவைத் திறந்தார்.

"ஐயோ, எங்க போறீங்கள்?" எண்டா அம்மா.

"குழை முறிக்க."

"விசரே உங்களுக்கு? சிங்கம் கிங்கம் நிக்கும், ஏறுங்கோ!"

அப்பா இறங்கீட்டார். சப்பாத்து மணலுக்குள்ள புதையப் புதைய நடந்து போய், அந்த மரத்தில ஒரு கொப்பைப் பிடிச்சு இழுத்தார். கரும்பலகையில சோக்கட்டி பிடிச்ச கை, கொப்பு முறியுதில்லை. தொங்கிப் பாத்தார், முறுக்கிப் பாத்தார். அம்மா கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி, கத்தவும் ஏலாமல் கத்தாமல் இருக்கவும் ஏலாமல், "சின்னதாக் காணும்! சின்னதாக் காணும்!" எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. படாரெண்டு முறிஞ்சது பாதி மரம். அப்பா அதோட விழுந்து எழும்பினார்.

"இப்ப என்ன செய்யிறது?" எண்டு கேட்டார். அவர் லொறியில நித்திரை கொண்டவரெல்லோ.

"முன்னுக்குக் கொழுவிப்போட்டுக் கெதியா வாங்கோ!"

அம்மா சொன்னது முன்னுக்கு நிக்கிற மரத்தில. அப்பா விளங்கிக்கொண்டது காருக்கு முன்னுக்கு. அவர் அந்தப் பெரிய குழையைத் தூக்கிக்கொண்டு வந்து, பொனற்றுக்கு மேல வைச்சு, வைப்பர் ரெண்டையும் தூக்கி அதுக்குள்ள செருகி, கையைக் கூப்பி ஒரு கும்பிடும் போட்டிட்டு ஓடிவந்து ஏறினார். முன்கண்ணாடியால ஒண்டும் தெரியேல்லை, ஒரே இலை.

"மரத்திலயெல்லே கொழுவச் சொன்னனான்!"

"முன்னுக்கு எண்டுதானே சொன்னீர். முன்னுக்குத்தானே வைச்சனான்."

"ஆராவது காருக்குக் குழை கட்டுவினமே? கலியாணக் காரோ இது?"

இவை ரெண்டு பேரும் இதைக் கதைச்சுக்கொண்டிருக்க, தம்பி பின்பக்கத்துக் கண்ணாடியால பாத்தபடி சொன்னான், "அப்பா, பெரியவர் வாறார்."

அப்பாவின்ர முகத்தில வந்த நிம்மதியைப் பாக்க வேணும். உதவிக்கு ஆரோ பெரிய உத்தியோகத்தர் வாறார் எண்டு நினைச்சிட்டார். தலையில இருந்த தொப்பியை நேராக்கினார், கொலரைச் சரிப்படுத்தினார், கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை வெளிய நீட்டி, "குட் ஆஃப்டர்நூன், சேர்" எண்டார்.

வெளிய நிண்டது ஆனை.

கொம்பன். அப்பா தலையை உள்ளுக்கு இழுத்த கெதியில தொப்பி வெளிய விழுந்திட்டுது. கண்ணாடியைச் சுத்தி ஏத்துறார், அது பாதியில சிக்கிக்கொண்டு நிண்டிட்டுது. ஆனை ஒரு அவசரமும் இல்லாமல் காரைச் சுத்தி முன்னுக்கு வந்தது. என்னெண்டு சொல்லுறது! கார் சின்னதாப் போன மாதிரி இருந்தது. காது ரெண்டும் மெல்ல ஆடுது. தோல் முழுக்கச் சுருக்கம், அதுக்குள்ள காஞ்ச சேறு. கண்ணிமை மயிர் நீளமா, பொம்பிளைப்பிள்ளையின்ர மாதிரி. பச்சைச் சாணமும் மண்ணும் கலந்த மணம் காருக்குள்ள வந்திட்டுது. தும்பிக்கை பொனற்றைத் தடவி, இலையை விலக்கிக் கண்ணாடியில ஏறி, அதின்ர ஈரமான நுனி அம்மாவின்ர முகத்துக்கு நேர ஒருக்கா நிண்டது. நடுவில கண்ணாடி மட்டும்தான்.

அம்மா "பிள்ளையாரே, பிள்ளையாரே" எண்டு சத்தமில்லாமல் சொல்லுறா. அப்பா ஒரு கையை அம்மாவுக்குக் குறுக்கால நீட்டி, மற்றக் கையைப் பின்னால போட்டு என்னையும் தம்பியையும் சேத்துப் பிடிச்சார். எங்களுக்கு முன்னால அவர் அம்மாவைத் தொட்டதை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

ஆனை குழையைப் பிடிச்சு ஒரு இழுவை இழுத்தது. குழையோட ஒரு வைப்பரும் போச்சு. அங்கயே நிண்டு, கொப்புக் கொப்பா முறிச்சு, ஆறுதலாத் திண்டது. கடைசி இலை வரைக்கும் திண்டது. வைப்பரை மட்டும் வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்பினது. பேந்து எங்களை ஒரு பொருட்டாயே எடுக்காமல் திரும்பி மரங்களுக்குள்ள போயிட்டுது. அப்பாவின்ர தொப்பிக்கு மேல காலை வைச்சுப் போனது.

பேந்து அம்மா சிரிக்கத் தொடங்கினா. "குட் ஆஃப்டர்நூன் சேரோ!" எண்டு சொல்லிச் சொல்லி, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, கண்ணால தண்ணி ஓடச் சிரிச்சா. சாம்பியாவுக்கு வந்த நாளில இருந்து அம்மா அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை. அப்பா முதல் முழிச்சார், பேந்து அவரும் சிரிச்சார். தம்பி ஏனெண்டு தெரியாமல் கை தட்டினான்.

சரணாலயத்து லொறி ஒண்டு வந்து எங்களைக் கண்டு, கயிறு கட்டி இழுத்து எடுத்துவிட்டது. அதில வந்த காவல்காரர் ரெண்டு பேரும் பொனற்றில கிடந்த ஆனை எச்சிலையும் இலைத் துண்டையும் வைப்பர் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பாத்தினம். அந்த மரத்துக் குழையெண்டா அங்கத்தை ஆனைக்கு உசிராம். "ஆனைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டோ வந்தனீங்கள்?" எண்டு கேட்டு அவையளுக்கும் சிரிப்பு. இறங்கினதுக்கு அப்பாவுக்கு நல்ல ஏச்சும் விழுந்தது. வாத்தியார் தலையைக் குனிஞ்சு ஏச்சு வாங்கினதைக் கண்டு எனக்கு ஒரு கவலை, ஒரு சிரிப்பு.

அவையளின்ர முகாமில, ஆத்தங்கரை நிழலில பாயை விரிச்சுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிட்டம். அம்மா முதல் காவல்காரர் ரெண்டு பேருக்கும் புட்டைப் போட்டுக் குடுத்தா. தங்கட சோளமா இப்பிடியும் வருமோ எண்டு அவை அதிசயப்பட்டு, "அமாயி, அமாயி" எண்டு திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டினம். அம்மா அப்பாவுக்குப் போட்டா, எங்களுக்குப் போட்டா, தனக்கும் போட்டுக்கொண்டு இருந்தா. இருந்து ஒரு வாய் வைச்சிட்டு, ஆத்தைப் பாத்தபடி சாதாரணமாச் சொன்னா.

"அடுத்த முறை வரேக்க எங்கயாவது ஒரு தேங்காய் தேடிக் கொண்டு வர வேணும். வெறும் குழையோட விடுறது சரியில்லை. ஒண்டு உடைக்க வேணும்."

அப்பாவின்ர கை வாய்க்குப் போற வழியில நிண்டிட்டுது. அவரும் கேட்டிட்டார். அடுத்த முறை! அவர் ஒண்டும் கேக்கேல்லை, கேட்டா மாத்திச் சொல்லிப்போடுவா எண்ட பயமாக்கும். புட்டை விழுங்கி, "ஓம், ஓம், தேடுவம்" எண்டார். எனக்கு அழுகை வந்திட்டுது. சம்பல் உறைக்குது எண்டு சொல்லிச் சமாளிச்சன். அம்மா எனக்குத் தண்ணி ஊத்தித் தந்தா.

வரேக்க அப்பா தக்காளிக்காரியளிட்ட நிப்பாட்டினார். தேனுக்கும் நிப்பாட்டினார். பாய்க்கும் நிப்பாட்டினார். அம்மா ஒண்டும் வாங்கேல்லை, எல்லாரோடயும் கதைச்சுப்போட்டு வந்து ஏறினா.

நான் பெரியபிள்ளையாகிற வரைக்கும் நாங்கள் அங்கதான் இருந்தம். அம்மா பக்கத்து வீட்டு மனுசியளுக்குப் புட்டு அவிக்கப் பழக்கி, அவையளின்ர பாசையில சண்டையும் பிடிக்கப் பழகிட்டா. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இஞ்ச நடந்த குழப்பத்தில வீட்டில இருந்த சாமான் கனக்கப் போச்சு. ரோசாப்பூப் பிளாஸ்க் போச்சு. நசிஞ்ச தொப்பியோட அப்பா நிக்கிற படம் போச்சு. திருவலை மட்டும் தப்பி நிக்குது, இண்டைக்கும் அதிலதான் எங்கட வீட்டில தேங்காய் திருவுறது.

அப்பா அந்தக் கதையைச் சொல்லாத கலியாணவீடு இல்லை. சொல்லச் சொல்ல ஆனை வளந்தது, கொம்பும் நீண்டது. "என்ர மனுசி என்னை விட்டிட்டுப் போக நிண்டவ. ஆனை வந்து குழையை ஏற்றுக்கொண்டிட்டுது, பிள்ளையார் உத்தரவு குடுத்திட்டார் எண்டு மனசு மாறிட்டா" எண்டு முடிப்பார். முந்தி பிள்ளையார் எங்க எண்டு கேட்ட மனுசன், பேந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையார் கோயிலில தேங்காய் உடைச்சவர். பக்கத்தில அம்மா இருப்பா. ஓம் எண்டும் சொல்ல மாட்டா, இல்லையெண்டும் சொல்ல மாட்டா. நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தனான். நாலு வருசத்துக்கு முன்னம் அப்பா போகும் வரைக்கும், அவருக்கும் அந்த ஆனையில இருந்த நன்றி குறையேல்லை.

கடற்கரையால வந்த அண்டைக்கு, தபால்கந்தோர்க்காரியின்ர கதையை அம்மாவுக்குச் சொன்னன். அம்மாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம், வாய் அப்பிடியேதான். குசினியில கதிரையைப் போட்டு இருந்து நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தா. விடியக்காலமை கரைக்கு வந்த நெத்தலி, நல்ல கடல் மணம்.

"அம்மா, உண்மையா அந்த ஆனை குழையைத் திண்டபடியாலதானோ நீங்கள் மனசு மாறினது?" எண்டு கேட்டன். இவ்வளவு காலத்துக்கும் எனக்குக் கேக்கத் தோணேல்லை, பாருங்கோ.

அம்மா நிமிந்து பாத்தா. "விசரே உனக்கு? குழையைக் கண்டா ஆனை திண்ணாமல் வேற என்ன செய்யும்? கந்தளாய் றோட்டில நான் காணாத ஆனையே!"

"அப்ப என்னத்துக்கு இருந்தனீங்கள்?"

"கொப்பர் இறங்கினவரெல்லோ" எண்டா அம்மா. "பூ வாங்க நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டாத மனுசன். பிள்ளையார் இல்லையெண்ட மனுசன். சட்டம் சட்டம் எண்டு சாகிற மனுசன். சிங்கம் திரியிற காட்டுக்குள்ள கதவைத் திறந்து இறங்கிப் போய், எனக்காகக் கொப்பில தொங்கிக்கொண்டு நிண்டார். அப்பிடி ஒராளைத் தனிய விட்டிட்டு வரலாமே?"

பக்கத்தில குந்தி நானும் ரெண்டு நெத்தலிக்குத் தலை கிள்ளினன்.

"இதை அப்பாவிட்ட ஒருக்காவாவது சொல்லியிருக்கலாமே அம்மா? பாவம், அந்தாள் கடைசி வரைக்கும் ஆனைக்கெல்லே நன்றி சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

அம்மா கையில இருந்த மீனைச் சட்டிக்குள்ள போட்டா.

"சொல்லுறதோ? சொல்லியிருந்தா அந்த மனுசன் அடுத்த முறையும் இறங்கியிருக்கும்."